பெருநாளும் பெரட்டும்

டிசம்பர் மாதம் பிறந்தவுடன் நம் கிறிஸ்தவத் தமிழர் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழக் காண்கிறோம். மாவு இடிப்பது எந்நாள், துணி எடுப்பது எந்நாள், குடில் அமைப்பது யார் பொறுப்பு என்பது ஒருவகை. 25-ஆம் தேதி தந்தைக்கு வேலையா ஓய்வா, மூத்த மகளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு முறையா பகல் முறையா, இளையவனைக் கடை முதலாளி விடுவாரா மாட்டாரா என்பது மற்றொரு வகை. முன்னது மகிழ்ச்சிப் பேச்சு. பின்னது கவலைப் பேச்சு. ஆண்டுதோறும் பின்னது வளர, முன்னது தேய்ந்து வருகிறதென்பதை மறுப்பார் உண்டோ?

தோட்டம் முழுவதும் ஒரே பெரட்டு மணிக்கு எழுந்து, ஒரே நாளில் ஓய்ந்த காலத்தில் இக்கவலை இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அக்காலம் போயிற்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல, வீட்டு மனைகளாக மாறின. நம் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்து ஆஸ்பத்திரி, துறைமுகம், ரயில், விமான நிலையம், ஹோட்டல், பேரங்காடி, காவல் வேலை எனப் பலவாறாகப் பிரிந்தனர். தோட்டத்திலேயே தங்கியவருள்ளும் செம்பனை ஆலையில் முறை வைத்து உழைப்போர் உளர். ஒரு வீட்டில் நால்வர் சம்பாதித்தால் நால்வருக்கும் நான்கு விதமான ஓய்வு நாள் என்றாகிவிட்டது. வீடு ஒன்றுதான்; நாட்காட்டியோ நான்கு.

இந்நிலையில் இரு கூட்டத்தார் நம் முன் நின்று உபதேசம் செய்கின்றனர். முதற் கூட்டத்தார் நம் வீட்டுப் பெரியவர்கள். "நாள் என்றால் நாள்தான். அந்நாளில் வீட்டில் இராதவனுக்குப் பண்டிகை ஏது?" என்பது அவர்கள் வாக்கு. இரண்டாம் கூட்டத்தார் வேலை கொடுப்போர். "பண்டிகையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டால் குடி முழுகிப் போகுமா?" என்பது இவர்கள் வாக்கு. முன்னவர் விருந்தை நகர்த்த ஒருப்படார். பின்னவரோ விருந்தோடு சேர்த்து நம் உரிமையையும் நகர்த்தப் பார்க்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரையும் மறுத்து நாம் கூறுவது இதுவே: விருந்தை நகர்த்தலாம்; உரிமையை நகர்த்தலாகாது.

முதலாவதாக, பெருநாளன்று வேலை செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லப்படுவனவற்றுள் எவை மெய், எவை பொய் என்று ஆராய்தல் வேண்டும். நோய் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. பிரசவ வேதனை கிறிஸ்துமஸ் காலையிலும் எழும். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், தாதியரும், தீயணைப்பவரும், மின்சார நிலையத்தாரும், ரயிலைச் செலுத்துவோரும் அன்றைக்கு நின்றுவிட்டால் பண்டிகை கொண்டாடும் நாமே அவதியுறுவோம். இவ்வேலைகளை ஒருவர் செய்யத்தான் வேண்டும். அவர் கிறிஸ்தவராக இருப்பின், அவர் பண்டிகையை விட்டவரல்லர். பலருடைய பண்டிகையைக் காப்பவர். அவரை நாம் கைகூப்பி வணங்குகிறோம்.

ஆனால் தோட்டத்தின் கதை வேறு. பால் மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, இரு நாள் விட்டு ஒரு நாளோ வெட்டுவதே முறை. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைய வெட்டு நின்றுபோம். டிசம்பர் மாதமோ வடகிழக்குப் பருவ மழையின் மாதம். கிழக்குக் கரையிலே அம்மாதத்தில் கத்தி தீட்டப்படாமல் கிடக்கும் நாட்கள் எத்தனை! மழைக்காக நிற்கும் கத்தி மனிதனுக்காக ஒரு நாள் நின்றால் மரம் பட்டுப்போகுமா? பால் வற்றிப்போகுமா? ஒரு நாள் ஓய்ந்த மரம் மறுநாள் பாலைத் தராமல் வஞ்சிக்குமா?

செம்பனையின் செய்தி இதனினும் சற்றுச் சிக்கலானது. வெட்டிய குலை காத்திராது. அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும். ஆதலின் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்து அவிப்பது வழக்கம். இதைக் காட்டியே, "ஆலை நிற்க முடியாது" என்கின்றனர். நன்று. ஆனால் மரத்தில் இருக்கும் குலையை யார் வெட்டச் சொன்னது? 24-ஆம் தேதி வெட்டைக் குறைத்து வேளையோடு நிறுத்தினால், 25-ஆம் தேதி அவிக்க வேண்டிய சரக்கே இராது. ஆகவே ஆலை நிற்க முடியாது என்பது இயற்கையின் விதியன்று. அட்டவணை போட்டவர் விதி. அட்டவணையை எழுதிய கை அதைத் திருத்தவும் வல்லது.

பேரங்காடிகளைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. பெருநாளுக்கு முன்னிரவு பன்னிரண்டு மணி வரைக்கும் நாம் துணி பொறுக்கிக்கொண்டு நிற்பதால் அன்றோ நம் வீட்டுப் பெண் ஒருத்தி பணப்பெட்டிக்குப் பின்னால் நின்று கால் கடுக்கிறாள்? முதலாளியைக் குறை கூறும் நாம் இதையும் எண்ண வேண்டும். பத்து நாள் முன்னதாகத் துணி எடுப்பதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவளுக்கோ, நடுச்சாமப் பூசைக்குப் போகும் வழி திறக்கும்.

இனி நம் பெரியவர்களுக்கு விடை பகர்வோம்.

"நாள் என்றால் நாள்தான்" என்கிறீர்கள். பெரியோர்களே, அந்நாளை வேதம் குறித்ததா? மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் பிறப்பை விரித்துரைக்கின்றனர்; இருவரும் மாதத்தையும் தேதியையும் கூறினாரில்லை. டிசம்பர் 25-ஐக் குறிக்கும் மிகப் பழைய சான்று 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ரோமாபுரி நாட்குறிப்பு ஒன்றேயாம். அஃதாவது, பிறப்புக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர். சிங்கப்பூர் ஹில் தெருவிலே 1835-இல் எழுந்த ஆர்மீனியர் கோயிலைக் கண்டவர் நம்மிற் பலர். அவ்வார்மீனியரின் திருச்சபை பிறப்பு விழாவைக் கொண்டாடுவது ஜனவரி 6-இல். ருஷியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாமையால் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறது. உக்ரைன் நாடு 2023-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தன் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. ஒரு தேசமே 13 நாட்களை நகர்த்தலாம்; ஒரு குடும்பம் இரண்டு நாள் நகர்த்தினால் மோட்சத்தின் கதவு அடைபடுமோ?

இன்னுமொன்று. இந்நாட்டுத் தோட்டங்களை முன்னாளில் ஆண்ட வெள்ளைத் துரைமாருள் ஸ்காட்லாந்து தேசத்தார் பலர். அவர்கள் தேசத்திலே கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாக நிலைபெற்றது 1958-ஆம் ஆண்டிலேதான். அதுவரை தொழிலாளி அந்நாளில் வேலைக்குப் போய் வந்தான். புத்தாண்டையே பெருவிழாவாகக் கொண்டாடினான். அவனைக் கிறிஸ்தவனல்லன் என்று எவரும் தள்ளிவைக்கவில்லை. ஆகவே, விடுமுறை என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. மனிதர் கேட்டும் போராடியும் சட்டமாக்கியும் பெற்றது. பெற்றதைப் பேண வேண்டும் என்பது வேறு. அது கிடையாதபோது பண்டிகையே இல்லை என்று மூலையில் குந்தி அழுவது வேறு.

லூக்கா கூறும் வரலாற்றை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிறப்பின் நற்செய்தி முதன்முதல் யாருக்கு அறிவிக்கப்பட்டது? அரசனுக்கா? ஆசாரியனுக்கா? வீட்டில் விளக்கேற்றி விருந்துக்குக் காத்திருந்தவருக்கா? இல்லை. வயல்வெளியில் இரவெல்லாம் விழித்து மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பருக்கு. அதாவது, இரவு முறை வேலைக்காரருக்கு! முதற் கிறிஸ்துமஸின் முதல் விருந்தினர் வேலையில் இருந்தவர்களே. அப்படியிருக்க, ஆலை வாயிலில் இரவுக் காவல் இருக்கும் நம் மாமனையும், நோயாளியின் தலைமாட்டில் விழித்திருக்கும் நம் தங்கையையும் பார்த்து, "உனக்குப் பண்டிகை ஏது?" என்று கேட்க எந்த நாவுக்குத் துணிவு உண்டு?

திருச்சபையின் நடைமுறையும் நம் பக்கமே நிற்கிறது. முந்தின நாள் மாலையிலேயே விழா தொடங்கிவிடுகிறது. கத்தோலிக்கர் பிறப்பு விழாவை ஜனவரி முதல் தேதி வரை எட்டு நாள் கொண்டாடுகின்றனர். கீழ்த்திசை ஞானியர் வந்து வணங்கிய திருநாளோ ஜனவரி 6. இத்தனை விரிந்த பந்தலின் கீழே ஒரு குடும்பத்துச் சாப்பாட்டு மேசைக்கு 26-ஆம் தேதியோ 28-ஆம் தேதியோ இடம் இல்லாமற் போகுமா? அண்டை வீட்டாரையும் பாருங்கள். மலாய்க்காரச் சகோதரர் ஷவ்வால் மாதம் முழுவதும் திறந்த இல்ல உபசரிப்பு நடத்துகின்றனர். சீனர் தம் புத்தாண்டைப் பதினைந்தாம் நாள் வரை நீட்டுகின்றனர். இந்நாட்டின் காற்றிலேயே இவ்விரிவு இருக்க, நாம் மட்டும் ஏன் ஒரு நாளின் 24 மணிக்குள் திணறுவது?

இந்தப் பிடிவாதத்தினால் விளையும் கேடுகளைச் சொல்கிறோம், கேளுங்கள். இரவெல்லாம் உழைத்துக் காலையில் வீடு திரும்பும் பெண், விருந்தினர் கூச்சலின் நடுவே கண் மூட இடமின்றித் தவிக்கிறாள். மாலையில் வரும் தகப்பன், ஆறிப்போன குழம்பும் அடிச்சட்டிச் சோறும் உண்டு, தன் வீட்டிலேயே பிந்தி வந்த விருந்தாளியாகிறான். இவை போகட்டும். "அன்றைக்கு எப்படியும் வீட்டில் இரு" என்னும் நெருக்குதல் தாளாமல், நலமாக உள்ள வாலிபன் நோய் என்று சொல்லிச் சீட்டு வாங்கப் போகிறான். சத்தியமே பிறந்ததாக நாம் கொண்டாடும் நாளைப் பொய்ச் சீட்டினால் கொண்டாடுவதா? வேலை போனால் அடுத்த பண்டிகைக்கு அடுப்பு எரிவது எதனால்?

ஆகையால், நாம் பழைய வழக்கத்தை விடச் சொல்லவில்லை; வழக்கத்தின் உயிரைக் காக்க அதன் உடையை மாற்றச் சொல்லுகிறோம். செய்யத்தக்கன சிலவற்றை வரிசையாகக் கூறுவோம்.

ஒன்று. டிசம்பர் முதல் வாரத்தில் குடும்பத்தார் கூடி, அனைவருடைய வேலை முறைகளையும் ஒரு தாளில் எழுதுக. எல்லாரும் ஒருங்கே வீட்டிலிருக்கும் வேளை எதுவென்று தேடுக. அவ்வேளையே அவ்வீட்டின் பெருவிருந்து வேளை. அது 24-ஆம் தேதி மாலையாயினும் சரி, 26-ஆம் தேதி மதியமாயினும் சரி, அடுத்த ஞாயிறாயினும் சரி. 25-ஆம் தேதி கோயில் வழிபாடும், இடியப்பமோ தோசையோ கோழிக் குழம்போடு எளிய காலையுணவும் போதும். ஆட்டிறைச்சியும் பிரியாணியும் ஒருவர் குறையாமல் கூடும் நாளுக்குக் காத்திருக்கட்டும். இறைச்சி காத்திருக்கும், அதற்குக் குளிர்ப்பெட்டி உண்டு. பிள்ளையின் மனம் காத்திராது. அதற்கு எந்தப் பெட்டியும் இல்லை.

இரண்டு. நட்சத்திர விளக்கையும் குடிலையும் 25-ஆம் தேதி கழிந்தவுடன் அவிழ்க்க வேண்டா. ஞானியர் திருநாள் வரை அவை இருக்கட்டும். பிந்தி வரும் மகன் இருண்ட வாசலைக் காணலாகாது. புத்தாடையையும் பரிசையும் எல்லாரும் கூடும் வேளையில் கொடுப்பது என்று ஒரு விதி செய்துகொண்டால், சிறுவர் அவ்வேளையையே பெருநாளாக எண்ணிக் காத்திருப்பர். குழந்தைகளுக்குத் தேதி பெரிதன்று. வாக்குத் தவறாமையே பெரிது.

மூன்று. வீடு வீடாகச் சென்று பிறப்புப் பாடல் பாடும் குழுவினர், வேலைத்தலங்களுக்கும் செல்வாராக. முன் அனுமதி பெற்று, ஆலையின் வாயிலிலும், ஆஸ்பத்திரியின் முற்றத்திலும், காவற்கொட்டகையின் முன்பும் ஒரு பாடல் பாடினால், அங்கு நிற்போன் தனியனல்லன் என்பதை அவன் அறிவான். பாடிவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல் ஒரு தட்டு முறுக்கும் ஒரு துண்டு கேக்கும் வைத்துவிட்டு வரலாம். பல மதத்தாரும் அங்கே இருப்பர், எல்லாருக்கும் கொடுக்கலாம்.

நான்கு. முறை மாற்றிக்கொள்ளும் நல்வழக்கத்தை வளர்க்க வேண்டும். தீபாவளியன்று இந்துத் தோழரின் முறையைக் கிறிஸ்தவர் ஏற்க, கிறிஸ்துமஸன்று கிறிஸ்தவரின் முறையை இந்துத் தோழர் ஏற்பது பல இடங்களில் நடந்து வரும் காரியம். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவ்வாறே. மதங்களின் ஒற்றுமை பற்றி மேடையில் மூன்று மணி நேரம் முழங்குவதைவிட, அயலான் பண்டிகைக்காக எட்டு மணி நேரம் நின்று உழைப்பது மேலானதென்று நாம் துணிந்து கூறுவோம்.

ஐந்து. கடல் கடந்தோ காடு கடந்தோ வேலை செய்வோர்க்குக் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி இன்று உண்டு. குடும்ப ஜெபத்தை அவர் ஓய்வு வேளைக்கு ஒத்துவைத்துக்கொண்டு, அவரையும் அதில் ஒரு வாசகம் வாசிக்கச் சொல்லுக. பிரியாணிச் சட்டியை அவருக்குக் காட்டி வயிற்றெரிச்சல் மூட்டுவதை மட்டும் தவிர்க்க!

இவ்விடத்தே ஒரு கேள்வி. பெருநாளன்று வேலை செய்வோர் என்று நாம் கணக்கெடுத்தபோது வீட்டுப் பெண்களைச் சேர்த்தோமா? அவர்கள் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை. டிசம்பர் நடுவிலிருந்தே அதிரசம், அச்சு முறுக்கு, நெய் உருண்டை என்று எண்ணெய்ச் சட்டியின் முன் வேகின்றவர் யார்? நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லாரும் உறங்க, மூன்று மணிக்கு எழுந்து வெங்காயம் உரிக்கின்றவர் யார்? விருந்தினர் போனபின் மலைபோற் குவிந்த பாத்திரங்களோடு மல்லுக்கு நிற்பவர் யார்? தோட்டத்தானுக்கு விடுமுறை, குமாஸ்தாவுக்கு விடுமுறை, பள்ளிப் பிள்ளைக்கு விடுமுறை; தாய்க்கு மட்டும் அன்றைக்கு இரட்டைப் பெரட்டு! அவளோ பகலெல்லாம் வெளியில் கூலிக்கு உழைப்பவளும் ஆவாள். விடுமுறை நாளில் உழைக்கச் சொல்லும் முதலாளியைக் கொடியவன் என்கிற ஆண்மகன், தன் அடுக்களையில் தானே அந்த முதலாளியாய் இருப்பதை அறியானோ?

ஆகையால் பலகாரங்கள் ஆறு என்றிருந்தால் மூன்றாகட்டும். முறுக்கு பிழிய ஆண் கைக்கு வலு உண்டு, பிழியட்டும். பாத்திரம் துலக்கினால் ஆண்மை கரைந்துபோகாது. உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கறி சமைத்து எடுத்து வருவதென்று ஏற்பாடு செய்தால், ஒரு வீட்டின் சுமை ஐந்து வீட்டின் விளையாட்டாகும். மீந்த பணத்தில் கடைக்காரனின் கடனையும் சற்றுக் குறைக்கலாம். போத்தலுக்கு ஒதுக்கும் பணத்தை முற்றும் நிறுத்தினால் கடனே இராது. ஒரு நாள் முழுதும் மயங்கிக் கிடப்பவனுக்கு விடுமுறை இருந்தென்ன, இல்லாமலென்ன? வீட்டிலிருந்தும் அவன் வீட்டில் இல்லை.

பெரியவர்களுக்கு இவ்வளவு கூறினோம். இனி வேலை கொடுப்போர்க்குக் கூறுவது வேறு தொனியில்.

"உங்கள் விருந்தை நீங்களே மாற்றிக்கொள்கிறீர்கள் அல்லவா? ஆகவே அன்றைக்கு வேலைக்கு வருவதில் என்ன கஷ்டம்?" என்று கேட்கும் மானேஜர்கள் தோன்றக்கூடும். ஐயா, நாங்கள் மாற்றுவது எங்கள் சோற்றுவேளையை, சட்டத்தை அன்று. எங்கள் பொறுமையை உங்கள் லாபக் கணக்கில் வரவு வைக்க வேண்டா.

சட்டம் கூறுவதை நம் மக்கள் அறிந்திருத்தல் அவசியம். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60டி பிரிவு, ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாட்களைச் சம்பளத்தோடு தருகிறது. இவற்றுள் 5 நாட்களை எவரும் மாற்ற முடியாது: தேசிய நாள், பேரரசர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள். எஞ்சிய 6 நாட்களை அரசிதழில் கண்ட விடுமுறைகளிலிருந்து முதலாளி தெரிந்தெடுத்து, ஆண்டு பிறக்குமுன்னரே வேலைத்தலத்தில் யாவரும் காண அறிவிப்பு ஒட்ட வேண்டும். கவனியுங்கள்! கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இல்லை, தீபாவளியும் இல்லை. அவை அந்த ஆறில் இடம்பெற்றனவா என்பதை அறிவிப்புப் பலகைதான் சொல்லும். நம்மில் எத்தனை பேர் ஜனவரிக்கு முன் அப்பலகையின் பக்கம் போய் நின்றோம்? டிசம்பர் 24-ஆம் தேதி ஆத்திரப்படுவோர், முந்தின ஆண்டு டிசம்பரில் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் ஆத்திரத்துக்கே இடமிராது.

அவ்விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்படுபவன், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவனாயின், விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் 2 நாட் சம்பளம் பெற உரியவன். நாட்கூலிக்காரனுக்கு ஆக 3 நாட் கூலி. அன்று வழக்கமான நேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினாலும் இந்த 2 நாட் சம்பளம் குறையாது. வழக்கமான நேரத்துக்கு மேற்பட்டு உழைத்தால், ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு. பாலின் எடைக்கோ குலையின் எண்ணிக்கைக்கோ கூலி பெறுவோர்க்கு, விடுமுறைக் கூலியோடு அன்றைய வேலைக்கு இரட்டை வீதம். அயல் நாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். அவன் மொழி அறியாதவன் என்பதற்காக அவன் பங்கை விழுங்குவோரை நாம் பார்த்துக்கொண்டிருத்தல் தமிழர்க்கு அழகன்று. நம் முன்னோரும் அவ்வாறே மொழி அறியாதவராய் வந்து இறங்கினர்.

சிங்கப்பூரிலும் ஆண்டுக்கு 11 நாட்களே. கிறிஸ்துமஸும் தீபாவளியும் அவற்றுள் அடங்கும். 1968-இல் அங்கே விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசமும், கிறிஸ்துமஸுக்கு மறுநாளும், உயிர்த்த ஞாயிற்றை அடுத்த திங்களும் பட்டியலிலிருந்து நீங்கின. எல்லா மதத்தாரும் எதையோ விட்டுக்கொடுத்தே இந்த 11 எஞ்சியது. எஞ்சியதையும் ஏமாந்து விடலாமா? அங்கே விடுமுறையில் உழைப்பவர்க்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உண்டு. இருவரும் ஒப்பினால் வேறொரு நாளை விடுமுறையாகப் பெறலும் உண்டு.

ஒரு பொறியையும் சுட்டிக்காட்டுவோம். இவ்விரு நாட்டுச் சட்டங்களிலும், விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலோ பிந்தின வேலை நாளிலோ முன்னனுமதியும் தக்க காரணமும் இன்றி வராதவன், அவ்விடுமுறையின் சம்பளத்தை இழப்பான். ஊர் போகும் அவசரத்தில் 24-ஆம் தேதி சொல்லாமல் கிளம்புவோர் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்க. ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றால் போதும். வாயால் சொன்னதும் தலையசைத்ததும் மாதக் கடைசியில் சாட்சி சொல்லா.

மாற்று விடுமுறையும் அவ்வாறே. "பிறகு ஒரு நாள் தருகிறோம்" என்பது விடுமுறையன்று. காற்றில் எழுதிய கணக்கு. எந்த நாள் என்று தேதி குறித்து, எழுத்தில் பெற்ற பின்னரே ஒப்புக்கொள்ளுக. அந்நாள் குடும்பத்தார் கூடும் நாளாக இருக்கும்படி கேட்பதும் நம் உரிமையே. அங்ஙனம் பெற்றால், நாம் முன்னே கூறிய விருந்து வேளை அந்த நாளிலேயே பொருந்திவிடும். விருந்தும் உரிமையும் ஒரே மேசையில் அமரும்.

"மூன்று நாட் கூலி கிடைக்கிறதே, நானே விரும்பி ஒவ்வோர் ஆண்டும் போகிறேன்" என்று சொல்வோரும் உளர். அவர் தேவையை நாம் அறிவோம், பரிகசிக்க மாட்டோம். விருப்பம் மெய்யான விருப்பமாயின் தடையில்லை. ஆனால் அந்தக் கூலி பண்டிகைக்காக வாங்கிய கடனை அடைக்கவே போகிறதென்றால், பண்டிகைக்காகக் கடன் வாங்கி, கடனுக்காகப் பண்டிகையை விற்கிறோம் என்பதன்றி வேறென்ன? ஓர் ஆண்டு உழைத்தவர் அடுத்த ஆண்டு ஓய்ந்து, ஓய்ந்தவர் உழைக்கும்படி முறை வகுத்தலே நியாயம். ஒரே மனிதன் தலையில் ஆண்டுதோறும் அந்நாள் விழுமாயின், அது விருப்பமா நிர்ப்பந்தமா என்று சங்கத்தார் விசாரிக்கக் கடமைப்பட்டவர்.

இறுதியாக, கணக்கெழுதும் குமாஸ்தாக்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் கிராணி என்றால் துரையின் நிழல் என்று ஒரு காலத்தில் ஏசினர். ஏசியதில் நியாயமும் இருந்தது. நாம் ஆங்கிலம் கற்றது சுற்றறிக்கையைக் கோப்பில் அடுக்கி வைப்பதற்கு மட்டுமா? சட்டத்தின் வாசகம் நம் கையில். செக்ரோல் நம் கையில். விடுமுறைப் பட்டியலைத் தட்டெழுதுவதும் நாமே. அப்பட்டியலைத் தமிழில் பெயர்த்துப் பெரட்டுக் களத்திலும், கோயில் வாசலிலும், கடை முகப்பிலும் ஒட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கேட்க வருபவனுக்கு அவன் கூலிச் சீட்டை வரிவரியாய் விளக்க எவ்வளவு மூச்சுச் செலவாகும்? இதைச் செய்யாத படிப்பு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த விளக்கு.

தோழர்களே! இந்த டிசம்பரில் மூன்று காரியம் செய்யுங்கள். வேலைத்தலத்து அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெருநாள் இல்லையெனில், அது ஒட்டப்படுமுன் கூடிப் பேசிக் கேளுங்கள். வீட்டில் அனைவருடைய வேலை முறையையும் ஒரு தாளில் எழுதி, ஒருவரும் குறையாத வேளையைப் பெருநாள் வேளையாகக் குறியுங்கள். அன்றைக்குத் தாயை அடுக்களையிலிருந்து எழுப்பி முதற் பந்தியில் உட்கார வைத்து, ஆண்மக்கள் பரிமாறுங்கள். இவை மூன்றும் ஒரு வீட்டில் நடந்தால், அவ்வீட்டில் தேதி எதுவாயினும் அன்றே கிறிஸ்துமஸ்.